நெல் தராசில் நின்றவர்

பூதலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நெல் கொள்முதல் நிலையத்தில்தான் அவர் தன் உடம்பின் எடையைப் பார்ப்பார். மகள் வாங்கிக் கொடுத்த எடை இயந்திரம் ஒன்று வீட்டில் இருந்தது. அவர் ஏறியதும் அது ஏதோ ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்துவிடும். அதனால் மூட்டைகளை எடைபோட்டு முடித்து லோடுமேன்கள் டீ குடிக்க உட்காரும் நேரத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மின்தராசின் மேல் ஏறி நிற்பார். ஏறுவதற்கு முன் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொள்வார். கோயிலுக்குள் நுழைகிறவர்கள் அப்படிச் செய்வார்கள். தராசுக்கு முன்னால் அவர் ஏன் அதைச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

லோடுமேன்களுக்கு அது பொழுதுபோக்கு.

"அண்ணே, சாக்கு எடையக் கழிச்சிட்டுச் சொல்லவா, கழிக்காமச் சொல்லவா?"

"சட்டைதாண்டா சாக்கு. கழிச்சிட்டே சொல்லு."

"கழிச்சும் மூணு மூட்டைக்கு மேல நிக்கிது. ஈரம் சாஸ்தியா இருக்குண்ணே. ரெண்டு நாள் வெயில்ல கொட்டிக் காய வச்சுக் கொண்டாங்க, எடுத்துக்கிறோம்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் வயிறு குலுங்கச் சிரிப்பார். பிறகு கீழே இறங்கி, என் பக்கம் வந்து, மெதுவாகக் கேட்பார்.

"கண்ணாடி கொண்டாரல தம்பி. சரியா எவ்வளவு காட்டுச்சு?"

நான் சொல்வேன். உதடு அசையாமல் மனதுக்குள் கழித்துப் பார்ப்பார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன. வாரம் இரண்டு முறை தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தார்கள். மகள் தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தாள். சின்னக் குழந்தைகள் இருக்கிற பெண், வேண்டவே வேண்டாம் என்று அம்மா ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். கணவரான அவருடைய சிறுநீரகம் பொருந்தும் என்று திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். ஆனால் இந்த உடம்போடு எடுக்க முடியாது, கொடுக்கிறவர் உயிருக்கே ஆபத்து, முதலில் இளைத்து வாருங்கள் என்றார்கள். எந்த எடைக்கு வரவேண்டும் என்பதையும் சொன்னார்கள். மூட்டைக்கு நாற்பது கிலோ என்ற லோடுமேன் கணக்கில் அது இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் மேலே. அவர் இளைத்தால் அந்த அம்மா பிழைப்பார். விஷயம் அவ்வளவுதான்.

அப்போது நான் ஒரு நாளிதழின் தஞ்சாவூர் நிருபர். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, கொள்முதலில் தேக்கம், சம்பாவில் இலைசுருட்டுப் புழு என்று விவசாயச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து முதல் போன் அவருடையதாகத்தான் இருக்கும். செய்தி ஒரு வரியில் முடிந்துவிடும். அடுத்த வரி எப்போதும் ஒன்றுதான்: "சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுங்க தம்பி."

அவருக்குப் போதும் என்று சொல்ல வராது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் வயிறு நிறைந்ததும் இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டுவார்கள், அல்லது இலையை மடிப்பார்கள். அவர் இரண்டும் செய்யமாட்டார். பரிமாறுகிறவர்களுக்கு இது தெரியும். வாளியில் மிஞ்சியது அவர் இலைக்குத்தான் வரும். ஒரு முகூர்த்த நாளில் மூன்று கல்யாண வீடுகளுக்கு அவரோடு நானும் போனேன். மூன்றிலும் யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மூன்றிலும் சாப்பிட்டார். திரும்பும் வழியில் கார் கதவில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

"ஒரு இடத்துலயாவது வேணாம்னு சொல்லியிருக்கலாம்லண்ணே."

"சொன்னா அவங்க மொகம் ஒரு மாதிரி சுருங்கும் தம்பி. அதப் பாக்குறதுக்கு ஒரு கரண்டி தின்னுட்டுப் போயிடலாம்."

பெருந்தீனிக்காரர் என்றுதான் ஊரில் பேர். அது சரியில்லை. ஒருநாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் அவருடைய பம்புசெட் கொட்டகைக்குப் போனேன். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூக்குச் சட்டியில் கொஞ்சம் பழையது, ஒரு வெங்காயம். பாதியைத் தின்றுவிட்டு மூடி வைத்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்க வீட்டுக்குப் போவோம் என்று கிளம்பிவிட்டார். வீட்டில் என்னோடு உட்கார்ந்து மறுபடியும் முழுச் சாப்பாடு சாப்பிட்டார். எதிரே கரண்டியோடு ஒரு கை நீண்டால் மட்டுமே அவருக்குப் பசித்தது.

வீட்டில் அந்தக் கை மனைவியுடையது. தரங்கம்பாடிப் பக்கம் பிறந்தவர், மீன் இல்லாத சாப்பாடு அவருக்குச் சாப்பாடு இல்லை. ஒல்லியான பெண்மணி. கணவர் பக்கத்தில் நின்றால் பாதி தெரியமாட்டார். கணவர் சாப்பிடும்போது உட்காரவே மாட்டார். கரண்டியைக் குழம்புக்குள் வைத்தபடி நிற்பார்.

நோய் வந்த பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் போட்ட சோறுதான் இப்ப எனக்குக் குறுக்க நிக்குது தம்பி."

சோற்றையும் எண்ணெயையும் குறையுங்கள், கறி மீனை அளவாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் மருத்துவமனையில் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டார். கறி, மீன், முட்டை, அதோடு பால், தயிர், நெய், டீ.

"கொஞ்சமா சாப்பிடுன்னா எனக்கு வராது தம்பி. சாப்பிடாதன்னு சொன்னா முடியும்."

தான் விடலாம். ஊர் விடவேண்டுமே. டயட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பார்கள். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காப்பு கட்டிக்கொண்டார்.

அம்மன் கோயில் திருவிழாவில் தீ மிதிக்கிறவர்களும் காவடி எடுக்கிறவர்களும் மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த கயிறு கட்டுவார்கள். அதுதான் காப்பு. கோயிலில் அவிழ்க்கும்வரை கவிச்சி தொடக்கூடாது, வெளியூரில் இரவு தங்கக்கூடாது, சாவு வீட்டுக்குள் காலடி வைக்கக்கூடாது. அந்தக் கயிறு கட்டிய கைக்கு எதிரே யாரும் கரண்டியை நீட்டமாட்டார்கள். இவருடைய காப்புக்குக் கோயில் இல்லை, பூசாரி இல்லை, மேளம் இல்லை. கடையில் நூல் வாங்கி, மஞ்சள் கரைத்து நனைத்து, அடுப்படியில் மனைவி கட்டிவிட்டார்.

"எந்தக் கோயிலுக்குண்ணே?"

"குலதெய்வத்துக்குப்பா. பூம்புகார் பக்கம்."

"மோரு கூடவா ஆவாது?"

"ஆவாது. அது அப்படி ஒரு சாமி."

பலித்தது. கல்யாண வீட்டில் பாயச வாளியோடு வருகிறவர் அவருடைய மணிக்கட்டைப் பார்த்ததும், "அண்ணன் வெரதம்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்வார். ஒரு சுருங்கிய முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்தார். வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, அவித்த பயறு, குதிரைவாலிக் கஞ்சி. சித்திரை முடிவதற்குள் கால் மூட்டை குறைந்திருந்தது. லோடுமேன்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

"மூட்டைல எங்கயோ ஓட்டை இருக்குண்ணே. வழியெல்லாம் சிந்திக்கிட்டு வரீங்க."

மொபெட்டில் மீன் கொண்டு வருகிற அம்மாள் பழக்கத்தில் அவர் வீட்டு வாசலில் நிறுத்துவார். அவரும் பழக்கத்தில் இறங்கி வந்து கூடைக்குள் பார்ப்பார். கொடுவாவின் செவுளைத் தூக்கி, நல்ல சிவப்பு, இன்னிக்குப் பிடிச்சதுதான் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்.

"வாங்கவும் மாட்டீங்க, அப்பறம் ஏன் என் மீனத் தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க?"

"பாத்தா வெரதம் முறியாதுல்ல."

"எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் கடைத்தெருவுல நிப்பாரு. ஆனா அவரு பாக்குறது மீன இல்ல."

மனைவி உள்ளேயிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி என்று இப்போது தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியாது.

வைகாசியில் அவருடைய பங்காளி ஒருவர் இறந்தார். சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். காப்புக் கையோடு சாவு வீட்டுக்குப் போகமுடியாது. போனால் காப்பு பொய் என்று தெரிந்துவிடும், மறுநாளிலிருந்து ஊர் முழுவதும் கரண்டியோடு வந்து நிற்கும். அவர் போகவில்லை. பாடை சுடுகாட்டுக்குப் போனபோது வாய்க்காலின் இந்தக் கரையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கரையில் போனவர்களில் இறந்தவரின் மகன் மட்டும் திரும்பிப் பார்த்தான். பிறகு அவன் இவரோடு பேசவில்லை.

"பொய்க் கயிறுக்கு நெஜப் பாவம் வந்து சேருது தம்பி" என்றார்.

அந்த வாரம் தஞ்சாவூரில் டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்த அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் மாத்திரை வாங்க வெளியே போயிருந்தார். அம்மாவின் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. நாக்கை உதட்டில் தடவிக்கொண்டே பேசினார். நாள் முழுவதுக்கும் அளந்துதான் தண்ணீர்.

"நல்லா எளைச்சிட்டார்ல?" என்று கேட்டார்.

"ஆமாங்க்கா. இப்படியே போனா ஐப்பசிக்குள்ள ஆபரேஷன் பண்ணிடலாம்."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரோட அப்பா கொடல்வால் ஆபரேஷனுக்குப் போய்த்தான் திரும்பி வரல. தெரியுமா தம்பி உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது.

"இவருக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு இருக்கிறது? எம்மவ என்னப் பாத்து அப்பா எங்கன்னு கேக்க மாட்டாளா?"

அவர் மாத்திரையோடு உள்ளே வந்தார். அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஆனியிலிருந்து எடை இறங்கவில்லை. கொள்முதல் நிலையம் மூடிவிட்டதால் பூதலூரில் ஓர் அரிசி ஆலைத் தராசில் ஏறிப் பார்த்தார். ஆடியில் அதே எடை. ஆவணியில் கொஞ்சம் கூடியிருந்தது. காப்பு வெளுத்துப்போய் நூலாகத் தொங்கியது. மனைவி புதிது கட்டிவிட்டார்.

புரட்டாசியில் குறுவை அறுவடைச் செய்திக்காகப் போனபோது அவர் வீட்டில் சாப்பிட்டேன். அந்த மாதம் ஊரே கவிச்சி தொடாது என்பதால் எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே சாப்பாடு. எனக்குச் சோறு, அவருக்குக் கஞ்சி. நடுவில் புடலங்காய்க் கூட்டு. எனக்கும் ஒரு கரண்டி வைத்தார்கள். வாயில் வைத்ததும் தெரிந்தது. வறுத்த நிலக்கடலையை வழவழவென்று அரைத்து ஊற்றியிருந்தார்கள். கெட்டித் தேங்காய்ப்பால். மேலே நல்லெண்ணெய் மினுங்கியது. கஞ்சியிலும் தேங்காய்ப்பால் வாசம், அடியில் வெல்லத்தின் இனிப்பு.

"அக்கா, பிரமாதம்."

"வாய்க்கு ருசியா இருந்தாத்தானே எறங்கும்? எல்லாம் செடியில மரத்துல காய்ச்சதுதான் தம்பி. கவிச்சி ஒரு சொட்டு இல்ல, பாலு ஒரு சொட்டு இல்ல."

அது உண்மை. அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. மாட்டிடமிருந்தும் கடலிலிருந்தும் வராதது எதுவும் உடம்பில் ஒட்டாது. தேங்காயைப் பற்றியும் கடலையைப் பற்றியும் யாரும் யோசிக்கவில்லை.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரால் நிற்கவே முடியவில்லை. இன்னொரு கையில் கரண்டி.

"இன்னும் கொஞ்சம் வச்சிக்கங்க."

அவர் தட்டிலிருந்த கூட்டைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். தட்டை மனைவியின் பக்கம் நகர்த்தினார்.

அன்று மாலை, குறுவைக்காக மறுபடி திறந்திருந்த கொள்முதல் நிலையத்தில் தராசில் ஏறினார்.

"அண்ணே, போன தடவ நின்ன எடத்துலேந்து எறங்கவே மாட்டேங்கிறீங்களே. இது நம்ம பஸ்ஸு மாதிரில்ல நிக்கிது."

"தராசு சரியா இருக்கா பாருடா."

ஒரு மூட்டையைத் தூக்கி வைத்துக் காட்டினார்கள். சரியாக இருந்தது. அவர் என்னிடம் எடை கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஐப்பசி அடைமழையில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. தஞ்சாவூரில் சேர்த்தார்கள். காய்ச்சல் ரத்தத்தில் பரவிவிட்டது. ஒரு விடியற்காலையில் இறந்தார். கணவருடைய எடை அன்று எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. திருச்சியில் சொன்ன எடைக்கு மேலே இருந்தது என்பது மட்டும் தெரியும்.

உடலை வீட்டில் கிடத்தியிருந்தார்கள். அவர் வாசல்படிக்கு வெளியே மழையில் நின்றிருந்தார். காப்புக் கட்டியவர் சாவு வீட்டுக்குள் போகக்கூடாது, முதலில் காப்பை அவிழ்க்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். யார் அவிழ்ப்பது என்பதில் குழப்பம். ஊர்ப் பூசாரி வரவழைக்கப்பட்டார். நான் கட்டாத காப்பை நான் எப்படி அவிழ்ப்பேன், அந்தச் சாமிக்கு என்ன கணக்கோ என்று அவர் தயங்கினார்.

"பூம்புகார்ப் பக்கம் எந்தச் சாமிக்குண்ணே கட்டுனது? அதையாவது சொல்லுங்க. ஒரு சூடத்த ஏத்தி மன்னிப்புக் கேட்டுட்டு அவுத்துடுவோம்."

உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மழையில் நின்றவர்கள் எல்லோரும் அவருடைய கையையே பார்த்தார்கள்.

"சொல்லுங்கண்ணே, நேரமாவுது."

"சாமிக்குக் கட்டலப்பா" என்றார். "சோத்துக்குக் கட்டுனது. அவதான் கட்டிவிட்டா."

பூசாரி ஓரடி பின்னால் நகர்ந்தார். கூட்டத்தில் நின்ற பங்காளியின் மகன் தலையைத் திருப்பிக்கொண்டான். அவர் இடது கையால் கயிற்றை இழுத்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அறுத்தார். மணிக்கட்டில் கயிறு கிடந்த இடம் மட்டும் வெள்ளையாக, பள்ளமாக இருந்தது. உள்ளே போனார்.

பதினாறாம் நாள் படையல். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைப்பது வழக்கம். கொடுவாக் குழம்பு, வறுத்த வஞ்சிரம், இறால் தொக்கு. செம்பில் வழக்கம்போலப் பாதித் தண்ணீர் வைத்தார்கள். அவர் வந்து, "நெறைய ஊத்துங்க" என்றார். விளிம்புவரை ஊற்றினார்கள். இன்னொரு செம்பும் எடுத்து வரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தார்.

படைத்த பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம். அந்த அம்மாவின் தம்பி குழம்புச் சட்டியோடு வந்தார்.

"மச்சான், எல்லாம் முடிஞ்சிருச்சு. அக்காவுக்குப் படைச்சது. இன்னிக்காவது ஒரு வாய் வச்சிக்கங்க."

அவர் இலைக்கு மேலே கையை நீட்டினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அன்றுதான். மைத்துனர் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஏற்கெனவே சாய்த்த கரண்டியிலிருந்து குழம்பு புறங்கையில் கொட்டியது. சுடச்சுட இருந்த குழம்பு. கையை அவர் எடுக்கவில்லை. மைத்துனரின் முகம் சுருங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு அவர் இளைத்தார். கயிறு இல்லை, விரதம் இல்லை, சமைக்க ஆளும் இல்லை. கார்த்திகையில் சட்டை தொங்கியது. மார்கழியில் தாடை எலும்பு தெரிந்தது. மகள் வந்து இருந்து பார்த்தாள், தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டாள், அழுதாள். ஊரில் சர்க்கரை என்றார்கள், இன்னும் மோசமான நோய்களின் பேர்களையும் சொன்னார்கள். மகள் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. பாலும் மீனும் கறியும் தொடமாட்டார். தேங்காயும் கடலையும் கண்ணில் பட்டால் எழுந்து போய்விடுவார்.

தை மாதம் சம்பாக் கொள்முதல் தொடங்கியது. அவர் நெல் கொண்டு வந்திருந்தார். மூட்டைகள் முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார். லோடுமேன்கள் டீ கிளாஸோடு எழுந்து நின்றார்கள். யாரும் ஈரத்தைப் பற்றிப் பேசவில்லை.

"எவ்வளவுடா?"

"ரெண்டு மூட்டைக்குக் கீழ வந்துட்டீங்கண்ணே" என்றான் ஒருவன். சொல்லிவிட்டு எண்கள் ஒளிர்ந்த அந்தப் பெட்டியைத் துண்டால் துடைத்தான்.

திருச்சியில் சொன்ன எடையை அவர் தாண்டிக் கீழே வந்திருந்தார். தராசிலிருந்து இறங்கி நெல் குவியலின் ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவ கூட்டுல கடலை அரைச்சு ஊத்துனது எனக்குத் தெரியும் தம்பி."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"மொத நாளே தெரியும். என் நாக்குக்குத் தெரியாதா? கஞ்சில வெல்லம். கீரைல தேங்காப்பாலு. எளைக்க விடக்கூடாதுன்னு பாக்குறா. நான் கத்திக்குப் போவக் கூடாது."

"தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க?"

"நிக்க முடியல அவளால. செவுத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. கைல கரண்டி. எப்படித் தம்பி வேணாங்கிறது?"

அவர் நிறுத்தியிருந்தால் அது அவரைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. நெல்லை ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் விட்டுக்கொண்டே பேசினார்.

"அப்படித்தான் எல்லார்ட்டயும் சொல்லிக்கலாம். எங்கப்பாவ ஆபரேஷன் பண்ற ரூமுக்குள்ள தள்ளிக்கிட்டுப் போனப்ப நான் கூட இருந்தேன். திருச்சில சொன்ன நாள்லேந்து இந்த எடம் எனக்குக் கூசிக்கிட்டே இருந்துச்சு." விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "தராசு எறங்காதப்ப வெளிய கோவப்பட்டேன். உள்ள என்னமோ ஒண்ணு, அப்பாடான்னுச்சு. அவ பயந்துக்கிட்டுப் போட்டா. நான் பயந்துக்கிட்டுத் தின்னேன். ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கல."

"இப்ப எதுக்குண்ணே இவ்வளவு எளைக்கிறீங்க?"

"இப்பவும் கூசுது தம்பி" என்றார். "எவ்வளவு எளைச்சாலும் அந்த எடம் மட்டும் அப்படியேதான் இருக்கு."

அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. அந்தப் பக்கத்துச் செய்திகள் வேறு ஆட்கள் மூலம் வந்தன.

அடுத்த ஐப்பசியில் தஞ்சாவூர் அலுவலகத்தின் மாடிப்படியில் ஒருவர் கைப்பிடியைப் பற்றி ஏறி வந்துகொண்டிருந்தார். வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். "தம்பி" என்று கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. மனைவிக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்க வந்திருந்தார். டீ வேண்டாம் என்றார். தண்ணீர் போதும் என்றார்.

விளம்பரம் வடிவமைக்கிற பெண்ணிடம் அழைத்துப் போனேன். அவர் ஒரு கவரிலிருந்து புகைப்படத்தை எடுத்தார். மகளின் கல்யாணத்தில் எடுத்தது. மனைவி மட்டும் தனியாக இருக்கிற படம் நல்லதாக ஒன்றும் இல்லையாம். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டையில் சட்டத்தை நிறைத்துக்கொண்டு ஒருவர் சிரிக்கிறார். அவருடைய தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து, பச்சைப் புடவையில் அந்த அம்மா. படம் எடுத்தவர் நெருங்கி நிற்கச் சொல்லியிருக்கவேண்டும்.

அந்தப் பெண் புதிதாகச் சேர்ந்தவர், அவரைப் பார்த்ததில்லை. படத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினார்.

"அய்யா, இவங்க உங்களுக்கு அக்காவா?"

அவர் காலிக் கவரை இரண்டாக மடித்தார்.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே போடணும்? ஒரே நாள்லயா தவறுனாங்க?"

நான் குறுக்கிட வாயைத் திறந்தேன். அவர் திரையில் தெரிந்த பெரிய மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றார். "அந்தம்மா மொதல்ல போய்ட்டாங்க. அவரு கொஞ்சம் கொஞ்சமா."

அந்தப் பெண் தலையை ஆட்டி, இரண்டாவது தேதியை எழுதப் பேனாவை எடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் காது மடல்வரை சிவந்தது. மன்னித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அம்மாவின் படத்தை மட்டும் தனியாக எடுக்க முயன்றார். எங்கே கோடு போட்டாலும் வெள்ளைச் சட்டையின் ஒரு பகுதி உள்ளே வந்தது. இன்னும் உள்ளே தள்ளினால் அம்மாவின் தோளும் கன்னத்தின் ஓரமும் போயின. சட்டையை அழித்துவிட்டு அந்த இடத்தைப் பச்சையாக நிரப்பிவிடலாம், தெரியவே தெரியாது என்றார். மவுஸை நகர்த்தினார். திரையில் அந்தப் பெரிய தோள் ஓரத்திலிருந்து மறையத் தொடங்கியது.

"வேணாம்மா" என்றார் அவர். "அவரை எடுக்காத. அவ ஒத்துக்க மாட்டா."

அந்தப் பெண் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.